கடிகாரம் ஓடுகிறதா என்று பார்க்க வந்தவள்

மேனாம்பேட்டில் அவர்கள் சந்துக்கு ஒரு தெருவிளக்கு. மழை வந்தால் வாசலேறி வரும் சாக்கடைக்கு ஒரு மூடி. லாரி ஓட்டப் போகிறேன் என்று போய் இரண்டு வருஷம் வீட்டுப் பக்கம் தலைகாட்டாமல் இருந்த கணவன் செல்வகுமார், மறுபடியும் ஞாயிற்றுக்கிழமையானால் கறி வாங்கிக்கொண்டு வரும் மனுஷனாக. ஒன்பதாம் வகுப்போடு நின்று துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்ட நான்கு பெண்கள், திரும்பவும் பள்ளிச் சீருடையில். அந்தப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். கடைசியாக, வருஷம் பாதி போன பிறகு, பத்தாம் வகுப்பு பி பிரிவுக்கு ஒரு கணக்கு டீச்சர்.

வேம்புலியம்மாள் மல்லுக்கு நின்று ஜெயித்தவை இவை. எது எந்தத் தேதியில் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. அண்ணன் ராமனுக்குத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் செக்கிங் பார்க்கிறவன் அவன். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சாமானைத் தூக்கித் தனியே போடுகிற வேலை. தங்கை ஜெயித்ததை அவன் டீக்கடையில் பெருமையாகச் சொல்வான். சொல்லி முடித்ததும் பெருமூச்சு விடுவான். முதல் ஐந்தையும் அவள் கட்டைவிரலாலேயே ஜெயித்தாள் என்பதுதான் அந்தப் பெருமூச்சுக்குக் காரணம். எந்த மனுவானாலும் கையெழுத்துக்கென்று விட்ட இடத்தில் மைப்பெட்டியைத் திறந்து விரலைப் பதிப்பாள். எழுதத் தெரியாதவள் இல்லை. தெரிந்தும் போட மாட்டாள்.

"என் கட்டவெரலப் பாத்து எவனாலயும் காப்பி அடிக்க முடியாது. உன் கையெழுத்த நானே போடுவேன்" என்பாள்.

அந்த விரலுக்கு ஓய்வு கிடையாது. எஸ்டேட்டில் ரப்பர் சாமான் வார்க்கிற கம்பெனிகளில் வாஷர், வளையம், பைப்பு மூடி எல்லாம் அச்சிலிருந்து வரும்போது ஓரத்தில் தோசை முறுகல் மாதிரி பிசிறு ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கத்தரிப்பதற்கு மூட்டை மூட்டையாக வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பதினெட்டு வருஷமாக வேம்பு அந்த வேலை செய்கிறாள். விரல் நுழையும் வளையத்தில் பழைய பாவாடை நாடா சுற்றிய சின்னக் கத்தரிக்கோல், மடியில் ஒரு முறம், பக்கத்தில் மஞ்சள் பை. அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் பத்து, டிவியில் விளம்பரம் ஓடும் நேரத்தில் முப்பது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் பை திறந்துவிடும். ஒருமுறை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்து மூச்சை இழுக்கச் சொன்னபோது, இழுத்துக்கொண்டே இரண்டு வாஷர் வெட்டியவள்.

ராமன் வீட்டு ரசத்தில் ஒருநாள் மிளகுக்குப் பக்கத்தில் ஒரு வளையம் மிதந்தது. அன்றைக்கு மதியம் தங்கை வந்து கொத்தமல்லி ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவன் அதைக் கழுவித் துடைத்து, பட்டறையிலிருந்து கொண்டு வந்திருந்த வெர்னியரில் வைத்து அளந்து பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்பினான்: ஒரு பக்கம் அதிகமாக வெட்டியிருக்கிறாய். பதில் வந்தது: "அது எங்க கம்பெனி சாமான். உங்க கம்பெனிக்கு இல்ல."

மகள் கவிப்பிரியா எட்டாவது வரைக்கும் தனியார் பள்ளியில் படித்தாள். அங்கே வேம்பு நடந்துகொண்டது தனி வகை. பருவத்துக்கு ஒருமுறை ஃபீஸ் கட்டும் ஜன்னலில் நிற்பாள். ரசீது கைக்கு வரும். அதை நான்காக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு நேராக பிரின்சிபால் அறைக்குப் போவாள். அன்றைக்கு அவளை யாரும் தடுக்க முடியாது. என் பொண்ணுக்கு ஏன் இங்கிலீஷ் நோட்டில் சிவப்பு மை படவே இல்லை, தண்ணித் தொட்டியில் ஏன் பாசி, பி.டி. சாருக்கு ஏன் அத்தனை கோபம் என்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் வருவாள். ரசீது கையில் இல்லாத நாளில் கேட்டுக்கு வெளியே நின்று மகளுக்கு டிபன் டப்பா கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். கொடுத்தவள்தான் கேட்கலாம், அதுவும் கொடுத்த அன்றைக்கு. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவளாக வைத்துக்கொண்ட சட்டம்.

ஒன்பதாவதுக்கு அந்தப் பள்ளி கேட்ட தொகையை அவர்கள் தலைகீழாக நின்றாலும் கட்ட முடியாது என்றானதும், கவிப்பிரியாவை அரசினர் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே ஃபீஸ் கிடையாது. அரசாங்கம் அதை எடுத்து வருஷங்கள் ஆகிவிட்டன. புத்தகம், பை, சைக்கிள், மதியச் சோறு எதற்கும் காசில்லை. தெருவே நிம்மதி என்று சொன்னது. வேம்பு மட்டும் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"பீஸு வாங்கலன்னா நான் இன்னா சொல்லிகினு உள்ள போறது?" என்று ராமனிடம் கேட்டாள்.

"கேட்டைத் திறந்துகிட்டுப் போ. உன் பொண்ணு படிக்குது."

"அது சரிண்ணே. கையில இன்னா வெச்சிகினு போறது?"

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி இருநூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியை அறை வாசலில் போய் நின்றாள். வித்யா டீச்சர் அந்தப் பள்ளிக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. பெற்றோரிடம் காசு வாங்கினால் என்ன நடக்கும் என்று அறிந்தவர். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"என்னம்மா இது? உள்ள வைங்க. இங்க ஃபீஸ் கிடையாது."

"பீஸுன்னு வாணாம் டீச்சர். சும்மா வாங்கிகினு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

"சும்மா எப்படிம்மா வாங்கறது?"

"அப்ப நான் சும்மா எப்படி டீச்சர் கேக்கறது?"

"என்ன கேக்கணும்? கேளுங்க."

வேம்பு கேட்கவில்லை. ரூபாயை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு வந்துவிட்டாள். மறுமாதம் ஐந்தாம் தேதியும் போனாள். அதற்கடுத்த மாதமும். ஒன்பதாம் வகுப்பு முழுக்க இதே கதை. ஐந்தாம் தேதி வந்தால் வித்யா டீச்சர் ஆய்வகத்தைப் பார்வையிடக் கிளம்பிவிடுவார் என்று பள்ளியில் பேச்சு இருந்தது.

ஒருமுறை ராமனைப் பள்ளி வாசலில் பார்த்தபோது டீச்சரே மனம் விட்டுச் சொன்னார். "உங்க தங்கச்சி ஒருத்தங்கதான் சார் மாசாமாசம் வர்றாங்க, வந்து ஒண்ணும் கேக்காமப் போறாங்க. முன்னல்லாம் ஜூன் மாசம் ஃபீஸ் கட்டறதுக்காவது அப்பா அம்மா வரிசையில நிப்பாங்க. அங்கயே ரெண்டு வார்த்தை பேசிடுவோம். ஃபீஸை எடுத்தது நல்லதுதான், இப்ப இருக்கற புள்ளைங்கள்ல பாதி அப்ப இந்த வாசப்படி மிதிச்சிருக்காது. ஆனா அந்த வரிசையும் சேர்ந்து போயிடுச்சு. பொண்ணு எந்த செக்ஷன்னு கேட்டா முழிக்கறாங்க."

அந்த வாசற்படி விஷயம் ராமனுக்குத் தெரியாததில்லை. அவர்கள் குடும்பம் அப்போது குத்தம்பாக்கத்தில் கூலி வேலை செய்துகொண்டிருந்தது. 1994 ஜூன். ராமன் ஒன்பதாவது போக வேண்டும். வேம்பு ஆறாவது சேர வேண்டும். ஸ்பெஷல் ஃபீஸ், நோட்டு, சட்டைத் துணி எல்லாம் சேர்த்து ஒருவருக்குத்தான் கையில் இருந்தது. பெரிய தொகை இல்லை. இன்றைக்கு அதில் ஒரு பிரியாணி வராது. ஐந்தாம் வகுப்பில் ஊர்ப் பள்ளியிலேயே முதலாவது வந்தவள் வேம்பு. நீ படிக்க வேண்டாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை ராமன் பஸ் ஏறினான். வேம்பு அம்மாவுக்குப் பின்னால் களை பறிக்கப் போனாள். அன்றிலிருந்து அவள் பேனாவைத் தொட்டு அவன் பார்த்ததில்லை.

1996 மார்ச்சில் ராமன் கணக்கில் இருபத்தொன்பது மார்க் வாங்கி பத்தாவது ஃபெயிலானான். அந்த ஃபீஸுக்கு வீட்டுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். இன்றுவரை வேம்பு இதைச் சொல்லிக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் ஒருநாள் உட்கார்ந்து சண்டை போட்டு முடித்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றும். அவள் அந்தச் சந்தர்ப்பத்தையும் கொடுக்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னால் மட்டும், "பேனா புடிச்சா கை நோவுதுண்ணே" என்பாள். நாள் முழுக்கக் கத்தரி பிடிக்கிற கை அது.

கவிப்பிரியா பத்தாவது வந்த வருஷம் வேம்பு ஒரு வழி கண்டுபிடித்தாள். தெருமுனைக் கோயிலில் எரிகிற டியூப்லைட் ஒவ்வொன்றிலும், வாங்கிக் கொடுத்தவர் பெயர் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உபயம் என்று எழுதியிருக்கும். அதை அண்ணாந்து பார்த்தபோது வந்த யோசனை.

"ஒரு டியூப்லைட்டு வாங்கிக் குடுத்துட்டு அவன் பூசாரியையே அதட்டறான். பாத்துகினு தானே கீறோம்" என்றாள். "காசு வாணான்னாங்க. பொருள் வாணான்னு சொல்லல."

பத்து பி வகுப்புக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கினாள். ரசூல் பீவி அவளோடு அதே மூட்டையில் பாதி வாங்கி வெட்டுகிற சிநேகிதி. மகள் ஜீனத்தும் பத்து பி. ரசூல் பீவியின் தம்பி பஷீருதீன் கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறான். அவன் கைவேலையில் 'உபயம்: செ. கவிப்பிரியா, 10-பி' என்று சிவப்பு எழுத்து கடிகாரத்தின் முகத்திலேயே ஏறியது. ராமன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். பன்னிரண்டும் ஆறும் தெரிந்தன. மற்ற எண்கள் எல்லாம் மருமகள் பெயருக்குப் பின்னால் போய்விட்டன.

"மணி தெரியலையேம்மா."

"மணி இன்னா மணி. பேரு தெரியுதா பாரு."

கவிப்பிரியா ஒரு வாரம் வகுப்பில் தலையை நிமிர்த்தவில்லை. அதைவிடக் கொடுமை பின்னால் வந்தது. ஜூலை மாதத்திலிருந்து செவ்வாயும் வியாழனும் பதினொன்றரை மணிக்கு அவள் அம்மா மஞ்சள் பையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"கடியாரம் ஓடுதான்னு பாக்க வந்தேன்."

அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியவில்லை. வாங்கிக் கொடுத்தவளாயிற்றே. உள்ளே வருவாள், அண்ணாந்து பார்ப்பாள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் ஆகட்டும் என்று கத்தரியை எடுப்பாள். முதல் நாள் பத்து வாஷர் வெட்டுவதற்குள் அவளுக்கு ஏதோ உறைத்தது. முப்பத்தொன்பது பெண்கள். ஒருத்தி இன்னொருத்திக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் நோட்டில் கட்டம் போட்டு விளையாடினார்கள். கரும்பலகையில் நேற்றைய தேதி.

"இது இன்னா பீரியடு?"

"கணக்கும்மா" என்றாள் ஜீனத்.

"டீச்சரு?"

"ஜூன்லயே மாத்தலாகிப் போயிட்டாங்க."

வேம்பு கையிலிருந்த வாஷரை வெட்டி முடித்தாள். அடுத்த வாரமும் வந்தாள். மூன்று வாரம் அப்படியே உட்கார்ந்து பார்த்துவிட்டு, நான்காவது வாரம் தலைமையாசிரியை அறைக்குப் போனாள். இந்த முறை கையில் ரூபாய் இல்லை.

"டீச்சர், கடியாரம் நல்லா ஓடுது. அதும் கீழ ஒண்ணும் ஓடல."

வித்யா டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கணக்கு டீச்சர் கலந்தாய்வில் சொந்த ஊருக்கு மாறுதல் வாங்கிப் போய்விட்டார், இடம் காலி, இருக்கிற ஒருவர் ப்ளஸ் டூவையும் ஒன்பதாவதையும் பார்த்துக்கொள்ளவே நேரம் போதவில்லை. "ரெண்டு தடவை மேல எழுதிட்டேன்மா."

"மேலன்னா எத்தினியாவது மாடி டீச்சர்?" என்றாள் வேம்பு. அந்தப் பள்ளிக்கு இருப்பது ஒரே மாடி. டீச்சர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

அன்று மாலை விஷயம் ராமனுக்கு வந்தது. கணக்கு என்ற வார்த்தையே அவனுக்குப் போதுமாக இருந்தது. ஒருநாள் முழுக்க அலைந்து அம்பத்தூரில் நல்ல டியூஷன் சென்டர் ஒன்று விசாரித்தான். ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போய் விவரம் சொன்னான்.

"பணத்தப் பத்தி நீ பேசாத. நான் பாத்துக்கறேன். நாளைக்கே சேர்த்துடலாம்."

"நாப்பது பேருக்கும் கட்டுவியா அண்ணாத்தே?"

கோபம் வந்தால்தான் அவன் அண்ணாத்தே.

"முப்பத்தொம்பது" என்றான் ராமன்.

"கவிய சேத்தா?"

"சேத்துத்தான்."

"அப்ப முப்பத்தொம்பது பேருக்கும் கட்டுவியா?"

"ஏய், அவங்க அவங்களுக்கு அப்பா அம்மா இல்லயா? நீ உன் பொண்ணப் பாரு. மார்ச்ல பரீட்சை. உனக்கு ஊரக் கட்டி இழுக்கறதே வேலையாப் போச்சு."

வேம்பு அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஒருத்தருக்கு மட்டும் ஃபீஸ் கட்டினால் என்ன ஆகும் என்று நம்ம வீட்டில் பார்த்தாயிற்றே என்று இதோ சொல்லப் போகிறாள் என்று ராமன் நினைத்தான். முப்பது வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. சொல்லட்டும் என்றுகூட இருந்தது. அவள் வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். முறத்திலிருந்து ஒரு வாஷரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது ஒரு பக்கம் கொறையுது பாரு. நீ சொல்றது சரிதான் போல."

ராமன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அதன்பின் அவள் வீடு வீடாகப் போனாள். மிச்சம் முப்பத்தெட்டு வீடும் மூன்று வாரத்தில். எந்த வீட்டிலும் உட்கார்ந்தால் பை திறக்கும், கத்தரி நடக்கும், பேச்சு நடக்கும். மழை வந்த இரண்டு நாளில் துணைக்கு ராமனையும் இழுத்துக்கொண்டு போனாள். ஒரு வீட்டில் ஆட்டோ ஓட்டுகிற அப்பா, "ஓசி இஸ்கூல்ல இன்னாத்தக்கா போய்க் கேக்கறது? குடுக்கறத வாங்கிகினு வரணும்" என்றார்.

போன வருஷம்வரை தானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது வேம்புக்கு நினைவிருந்ததா தெரியவில்லை. "ஓசின்னு எவன் சொன்னான்?" என்றாள். "உன் பொண்ணு பத்து வருசமா வெயில்ல நடந்துபோய் இஸ்கூல்ல உக்காந்துகினு கீதே, அது ஓசியா? அந்தப் பத்து வருசத்த உனுக்கு எவனாச்சும் திருப்பித் தருவானா?"

ஆட்டோக்காரர் ராமனைப் பார்த்தார். ராமன் குடையைப் பார்த்தான்.

ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக ஆள் எடுத்தபோது, தலைவிக்கு வேறு யாரும் கை தூக்கவில்லை. ரசூல் பீவிதான் அவள் பெயரைச் சொன்னாள். "பேசாம நீ மந்திரி ஆயிடு வேம்பு. உன் பங்கு வாஷரையும் நானே வெட்டித் தொலைக்கறேன்." தீர்மான நோட்டில் ஒப்பம் வாங்க வந்த வித்யா டீச்சர், அவள் மைப்பெட்டி கேட்டதும் திகைத்துப்போனார்.

"தலைவிக்குக் கையெழுத்துப் போட வராதாம்மா?"

"வரும். போட மாட்டேன்."

டீச்சர், துணைக்கு வந்திருந்த ராமனைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்து என்ன பிரயோஜனம் என்று அவன் இரண்டு கைகளையும் விரித்தான். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வந்ததும், துணிக்கடையிலிருந்து நான்கு பெண்கள் திரும்பியதும் அந்த மாதமே அந்த விரலில்தான் நடந்தன.

செப்டம்பர் முதல் வாரம் ரேஷன் கடையில் அந்த விரலுக்கே சோதனை வந்தது. மிஷினில் மூன்று முறை வைத்தாள், மூன்று முறையும் ரேகை சேரவில்லை என்றது. சேலைத் தலைப்பில் துடைத்து வைத்தாள், நாக்கில் தொட்டு வைத்தாள். சேரவில்லை. பதினெட்டு வருஷம் ரப்பரும் இரும்பும் மாறி மாறித் தேய்த்ததில் கட்டைவிரல் கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகியிருந்தது. கடைசியில் ராமன் போனுக்கு நம்பர் வரவழைத்துத்தான் அரிசி வாங்கினார்கள்.

"நான் உசுரோட எதிர்ல நிக்கறேன், அது இல்லன்னுது" என்று வழியெல்லாம் அந்த மிஷினைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

"ரேகை போயிடுச்சு வேம்பு. இனிமேலாவது கையெழுத்துப் போடு."

"மிஷினுக்குக் கண்ணு தெரியலன்னா நான் இன்னா பண்றது?"

அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை குழு கூடியது. பத்து பி வகுப்புக்கு உடனே கணக்கு ஆசிரியர் வேண்டும், அதுவரை தற்காலிகமாக ஒருவரை அமர்த்த அனுமதி வேண்டும் என்று தீர்மானம். வேம்பு விரலை அழுத்திப் பதித்தாள். தீர்மானம் மேலே போயிற்று. அக்டோபரில் காலாண்டு விடைத்தாள்கள் வந்தன. முப்பத்தொன்பது பேரில் கணக்கில் தேறியவர்கள் பதினொன்று. கவிப்பிரியா முப்பத்திரண்டு. அந்தத் தாளை மாமாவிடம் மட்டும் காட்டினாள். ராமன் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தான். வழியைச் சரியாகப் போட்டு விடையைத் தப்பாக எழுதியிருந்த இரண்டு கணக்குகள் அதில் இருந்தன. அவனும் 1996-ல் அப்படித்தான்.

அடுத்த கூட்டம் தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால், பத்து பி வகுப்பறையிலேயே நடந்தது. ராமன் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. தலைகள் கூடட்டும் என்று அவனையும் கூட்டி வந்திருந்தாள். இருபத்தாறு பெற்றோர் வந்திருந்தார்கள். அந்த ஆட்டோக்காரர்கூட வந்து கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். தலைக்குமேல் கடிகாரம், ஏதோ ஒரு மணி காட்டிக்கொண்டு ஓடியது.

வித்யா டீச்சர் ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். குரல் இறங்கியிருந்தது. போன மாதத் தீர்மானம் திரும்பி வந்துவிட்டது. தலைவரின் ஒப்பம் தெளிவாக இல்லை, சரிசெய்து மீண்டும் அனுப்பவும் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறது. வேறு குறை ஒன்றும் சொல்லவில்லை.

காகிதம் கை மாறி வந்தது. வேம்புலியம்மாள் என்று டீச்சர் எழுதிய எழுத்துக்கு மேலே கறுப்பாக ஒரு முட்டை வடிவம். கோடு இல்லை, சுழி இல்லை. யார் விரலாகவும் இருக்கலாம். விரலாகவே இல்லாமலும் இருக்கலாம்.

"இது இன்னாடி, வாஷராட்டம் கீது" என்றாள் ரசூல் பீவி.

இரண்டு பேர் சிரித்தார்கள். ராமன் மனத்துக்குள் கூட்டினான். வாரத்துக்கு ஏழு பீரியட், நான்கு வாரம், இருபத்தெட்டு பீரியட். முப்பத்தொன்பது பிள்ளைகளுக்கு. இவள் ஒரு பிடிவாதத்துக்கு. எழுந்து நின்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட வேண்டும் என்று வாய் துடித்தது. வேம்பு அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். மடியில் பை இருந்தது. கத்தரி வெளியே வரவில்லை.

"இதுல நான் எங்க டீச்சர் கீறேன்?" என்று கேட்டாள்.

"பரவாயில்லம்மா" என்றார் டீச்சர். "இப்பவே புதுசா எழுதிடலாம். நீங்க விரல் வைங்க. இது இன்னாருடைய ரேகைன்னு பக்கத்துல ஒருத்தர் சாட்சி போட்டா போதும். உங்க அண்ணன் இருக்காரே."

ராமன் எழுந்து போனான். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, புதுத் தாளின் அடியில் எங்கே போடலாம் என்று இடம் பார்த்தான். நேராக வரவேண்டும் என்று ஒரு ஸ்கேலைக்கூட இழுத்து வைத்துக்கொண்டான்.

வேம்பு அவன் விரல்களுக்கு நடுவிலிருந்து பேனாவை உருவினாள்.

கத்தரி பிடிக்கிற மாதிரியே பிடித்தாள். குனிந்து, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று நின்று எழுதினாள். எட்டு எழுத்து. இருபத்தாறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் எழுத்து ஸ்கேலுக்கு மேலே ஏறியிருந்தது, கடைசி எழுத்து அதை விட்டு இறங்கியிருந்தது; பட்டறையாக இருந்தால் ராமன் எடுத்துத் தனியே போட்டிருக்க வேண்டிய சாமான். அவன் ஸ்கேலை மெதுவாக நகர்த்திக்கொண்டான்.

அவள் நிமிரவில்லை. பேனாவும் தாளைவிட்டு எழவில்லை.

"தேதி இன்னாண்ணே?"

அவன் சொன்னான். அவள் பெயருக்குக் கீழே எழுதினாள்: 25.10.2024.